கோமதிநாயகத்தின் இருமல்

என்னை முதன்முதலில் கெடுத்தவன் என் கூடப்பிறந்த அண்ணன் கோமதிநாயகம். அவனுக்குப் பிறகு கெடுத்தவர்கள் நிறையப் பேர் உண்டு, மில் மேனேஜர் கெடுத்தார், பெண் தருகிறேன் என்று வெற்றிலை பாக்கு மாற்றிவிட்டுப் பின்வாங்கிய கழுகுமலைக்காரர் கெடுத்தார், ஊரில் உள்ள தீப்பெட்டி ஆபீஸ்காரர்கள் வரிசையாகக் கெடுத்தார்கள், ஆனால் அவர்கள் எல்லோரும் என் அண்ணன் திறந்துவிட்ட கதவு வழியாக உள்ளே வந்தவர்கள், அதனால் அவன் பெயரைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

எங்கள் ஊரில் பிழைப்பு என்றால் இரண்டுதான், ஒன்று பஞ்சு, இன்னொன்று தீப்பெட்டி, தீப்பெட்டி செய்கிற இடத்தை நாங்கள் ஆபீஸ் என்போம். பஞ்சு மில்லில் வேலை பார்க்கிறவர்களுக்கு என்று கட்டிய காலனியில்தான் நாங்கள் இருந்தோம். மில்லுக்குள் மிஷின் ஓடுகிற சத்தத்தில் யார் பேசினாலும் யாருக்கும் கேட்காது, வெளியே வந்தாலோ நெஞ்சில் ஏறிய பஞ்சுத் தூசி எல்லோரையும் இருமவைக்கும், அதனால் எங்கள் காலனியில் ஒருவரை ஒருவர் குரலைவிட இருமலை வைத்துத்தான் அடையாளம் கண்டோம். ஷிப்ட் விட்டு ஆட்கள் கூட்டமாகத் தெருமுனையில் திரும்பும்போதே பெண்கள் இருமலைக் கேட்டு அவரவர் வீட்டுக்காரனுக்குச் சோற்றை எடுத்து வைத்துவிடுவார்கள், ஒருநாளும் தப்பாது. பக்கத்து வீட்டு முப்பிடாதியின் புருஷன் இருமினால் முற்றின தேங்காயை ஆட்டுவது போல இருக்கும். என் அண்ணன் இருமல் வேறு மாதிரி. கதவைத் தட்டுவது போலக் குறுகக் குறுக இரண்டு இருமல், அப்புறம் கிணற்று உருளையில் சங்கிலி ஏறுவது போல ஒரு செருமல், அதற்கப்புறம் ஒரு பேச்சு. சும்மா இருக்கும்போது அவன் அப்படி இருமமாட்டான். சொல்லக் கஷ்டமான ஒன்றைச் சொல்லப்போகிறான் என்றால்தான் அந்த இருமல் வரும். எங்கள் அய்யா இறந்த அன்று வாசலில் வந்து நின்று அப்படித்தான் இரண்டு தடவை இருமி, செருமி, "அய்யா போயிட்டாக" என்றான்.

போனஸ் தகராறில் மில் கொதித்துக்கொண்டிருந்த வருஷம் பஞ்சு மூட்டைகளை அடுக்கிவைக்கிற கிட்டங்கி தீப்பிடித்தது. யார் வைத்தது என்று இன்றுவரைக்கும் யாருக்கும் தெரியாது, தானாகவே பிடித்திருக்கவும் கூடும், அமுக்கிக் கட்டிவைத்த பஞ்சுக்கு அந்தக் குணம் உண்டு. "தீ, தீ" என்று சத்தம் வந்தபோது நான் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் சோற்றுச் சட்டியைக் கழுவிக்கொண்டிருந்தேன். என் தோளோடு தோள் இடிக்க நின்று தன் சட்டியைக் கழுவிக்கொண்டிருந்தவன் என் அண்ணன். மறுநாள் ஆபீஸ் வராந்தாவில் விசாரணை வைத்தார்கள், எல்லா ஷிப்ட் ஆட்களும் வெயிலில் நின்றார்கள், "யார் வச்சதுன்னு சொல்லுங்க, இல்லைன்னா எல்லாரும் வீட்டுக்குப் போங்க" என்றார் மேனேஜர். அப்போது கூட்டத்துக்கு நடுவில் இரண்டு இருமல் கேட்டது, ஒரு செருமல் கேட்டது, என் அண்ணன் முன்னால் வந்து, "என் தம்பிதான் சாமி. என் கண்ணால பாத்தேன்" என்றான்.

அவன் சொன்னதை எல்லோரும் நம்பினார்கள். கூடப்பிறந்தவனே சொல்கிறான் என்றால் எப்படி நம்பாமல் இருப்பார்கள்? மில் திறந்தது, என்னைப் போலீஸ் கொண்டுபோனது, நான் திரும்பி வரும்போது அண்ணன் மேஸ்திரி ஆகியிருந்தான். வேலை கேட்டு நான் ஏறாத தீப்பெட்டி ஆபீஸ் இல்லை. "தீ வச்சவனைத் தீப்பெட்டி ஆபீஸுக்குள்ள விடச் சொல்லுதியா? நல்லா இருக்குடே கதை" என்று ஒருவர் விடாமல் சிரித்தார்கள். கடைசியில் நான் தண்ணீர் வண்டி தள்ளினேன். குடிதண்ணீருக்குத் தவிக்கிற ஊர் இது, ஊருக்கு வெளியே நல்ல கிணற்றில் இறைத்து, டிரம்மில் நிரப்பி, தெருத் தெருவாகத் தள்ளிக்கொண்டு போய் ஊற்றுவேன். அப்படியும் ஆவுடை என்கிற எனக்கு ஊர் வைத்த பெயர் தீ ஆவுடை. வண்டிச் சக்கரம் கிறீச்சிட்டால் போதும், "ஏ, தீ வருது, குடத்தை எடு!" என்று பெண்கள் ஒருவருக்கொருவர் கூப்பிட்டுச் சொல்லிச் சிரிப்பார்கள். என் தண்ணீரைக் குடித்துவிட்டுத்தான் சிரித்தார்கள்.

மேஸ்திரியான கையோடு அண்ணன் அந்த வால்வு ரேடியோவை வாங்கினான். தேக்குப் பலகைப் பெட்டி, யானைத் தந்த நிறத்தில் திருகுகள், முன்னால் நெல் நிறத்தில் ஒரு துணி, போட்டுக் கொஞ்ச நேரம் கழித்து மெதுவாக விழிக்கிற ஒரு பச்சைக் கண். சாயந்திரமானால் காலனியே அவன் வீட்டு வாசலில் பாய் விரித்து உட்கார்ந்து பாட்டுக் கேட்கும். நான் அந்தத் தெருவில் வண்டியைத் தள்ளிக்கொண்டு போவேன், ஆனால் அவன் வீட்டு முன்னால் மட்டும் நிறுத்தமாட்டேன். மதினி பூரணம் குடத்தோடு வாசலில் நிற்பாள், நான் பார்க்காத மாதிரி தாண்டிவிடுவேன். அவளும் போய்ச் சேர்ந்தாள், மில்லும் மூடியது, சங்கு ஊதுவது நின்றது, இருமிக்கொண்டிருந்த ஆண்கள் ஒவ்வொருவராக இருமி ஓய்ந்தார்கள், கடைசியாக ஓய்ந்தவன் என் அண்ணன். நான் சுடுகாட்டுக்குப் போகவில்லை. அன்றைக்கும் தண்ணீர் ஊற்றினேன்.

கடைசிக் காலத்தில் அவனைப் பக்கத்து ஊரில் தன்னோடு வைத்திருந்த மகள் செண்பகம் துக்கம் கழிந்து ஆட்டோவில் வந்து இறங்கினாள். நரை விழுந்துவிட்டது, தீப்பெட்டி ஆபீஸில் லேபிள் ஒட்டுகிறவள், விரல் நுனியெல்லாம் பசை காய்ந்து வெள்ளையாக இருக்கும். பழைய சேலையில் சுற்றி அந்த ரேடியோவைக் குழந்தையைத் தூக்குகிற மாதிரி தூக்கிக்கொண்டு வந்தாள்.

"சின்னையா, இதை உங்ககிட்டக் குடுக்கச் சொன்னாக."

"எனக்கு எதுக்கு?"

"தெரியாது. கடைசியா கையை நீட்டி இதைத்தான் காட்டுனாக. 'ஆவுடைட்ட குடுத்துரு'ன்னாக. அப்புறம் இருமுனாக."

"எப்படி இருமுனான்?"

"ரெண்டு தடவை. அப்புறம் செருமுனாக. அவ்வளவுதான், கண்ணு சொருகிருச்சு."

ரேடியோ ஓடாது, ஓடி வெகுகாலம் ஆயிற்று என்று சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள். நான் அதைக் காலி டிரம்மின் மேல் வைத்தேன், வேறு இடம் வீட்டில் இல்லை. வயர் எலி கடித்துப் பாதியில் நின்றது, சொருகுவதற்கு நுனிகூட இல்லை.

மறுநாள் விடியும்போது, காலை ஷிப்டுக்குச் சங்கு ஊதுகிற நேரத்துக்கு, ரேடியோ இருமியது. இரண்டு இருமல், ஒரு செருமல். நான் பாயில் எழுந்து உட்கார்ந்தேன். பேச்சு வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை. பக்கத்து வீட்டிலிருந்து முப்பிடாதி சுவருக்கு மேல் தலையை நீட்டினாள்.

"ஏ ஆவுடைண்ணே, கோமதி அண்ணாச்சி எப்ப வந்தாக? சொல்லவே இல்லியே."

"அவன் எங்க வர, போய்ச் சேர்ந்தவன்? ரேடியோ இருமுது."

"ஓ, ரேடியோவா," என்றாள். "பாவம், வெறும் வயித்துல இருமுது." சொல்லிவிட்டு உள்ளே போய்ச் சுக்கும் கருப்பட்டியும் தட்டிப்போட்டுக் காப்பி கொண்டுவந்து ரேடியோவுக்கு முன்னால் ஆவி படுகிற மாதிரி வைத்தாள். ஆறியபிறகு அதை அவளே குடித்தாள்.

மதியம் ஷிப்ட் மாறுகிற நேரத்துக்கு மறுபடியும் இருமியது. இப்படி ஷிப்ட் தவறாமல் இருமத் தொடங்கியதும் காலனி அதற்குப் பழகிக்கொண்டது. மில் மூடியதிலிருந்து நேரம் தெரியாமல் இருந்த காலனி அது, சங்கு நின்றபின் ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொரு நேரம் ஓடிக்கொண்டிருந்தது, இப்போது விடியல் இருமலுக்கு அடுப்பு பற்றவைத்தார்கள், தீப்பெட்டி ஆபீஸ் வேனுக்குப் போகிற பெண்கள் இருமலைக் கேட்டுத் தலை சீவினார்கள், மதிய இருமலுக்குப் பள்ளிக்கூடம் போகாத வாண்டுகள் சோற்றுக்கு வந்தன. யாரும் அதற்குக் கற்பூரம் காட்டவில்லை, சாமி இருமாது என்று எல்லோருக்கும் தெரியும். இருமுகிற ஒரு வயதான ஆளுக்கு என்னென்ன செய்வார்களோ அதைச் செய்தார்கள். மார்கழி பிறந்ததும் யாரோ ஒரு மப்ளரைக் கொண்டுவந்து திருகுகளுக்குக் கீழே சுற்றிவிட்டார்கள். ஒருத்தி தூதுவளைத் துவையல் கொண்டுவந்தாள். ஒருத்தி தைலத்தைத் துணி மேல் தடவிவிட்டாள், அந்த வாரம் முழுவதும் இருமல் கொஞ்சம் இளகலாக வந்தது.

இலவச மருத்துவ முகாம் போட வந்த நர்ஸம்மா ஜெபமணி என் வீட்டுக்கும் வந்தார். நெஞ்சில் வைக்கிற குழலை ரேடியோத் துணி மேல் வைத்து, பழக்க தோஷத்தில், "மூச்சை இழுத்து விடுங்க" என்றார். ரேடியோ இழுத்துவிட்டது.

"சளி இல்லை. பஞ்சுதான்" என்றார். "பேரு என்னன்னு எழுத? உங்க பேரைப் போடவா, அவுக பேரைப் போடவா?"

"அவன் பேரையே போடுங்க. என் பேரை அவன் ஒரு தடவை சொன்னது போதும்" என்றேன். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ஆனால் ஒருவரும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

நர்ஸம்மா சொன்னது சரிதான். ஒவ்வொரு இருமலுக்கும் அந்த நெல் நிறத் துணியின் இழை வழியாகப் பஞ்சு வந்தது, முதலில் தூசியாக, அப்புறம் துணுக்காக, அப்புறம் கைப்பிடி கைப்பிடியாக. காற்றில்லாத நாட்களில் தெருக்கொடியில் காய்கிற துணிகளின் மேல் வெள்ளையாகப் படிந்தது. முப்பிடாதி சொளகில் பொறுக்கி எடுத்துப்போய்க் கார்த்திகைக்குத் திரி திரித்தாள், மீதியைத் தன் பேரப்பிள்ளைக்குத் தலையணையாகத் தைத்தாள், அதில் படுத்த பிள்ளை அழுவதே இல்லை என்று காலனி முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தாள். மதிய இருமல் முடிந்ததும் புருஷனை இழந்த பெண்கள் ஒவ்வொருத்தியாக வந்து என் வீட்டுக்குள் சுவர் ஓரமாக உட்காருவார்கள். ஒன்றும் பேசமாட்டார்கள். அவர்களுக்கு அது கோமதிநாயகத்தின் இருமல் இல்லை, அவரவர் வீட்டு இருமல். சும்மா உட்கார்ந்து, காதைக் கொடுத்து, எழுந்து போய்விடுவார்கள். போகும்போது என்னைப் பார்த்து, "வாரோம்ண்ணே" என்பார்கள். அத்தனை வருஷத்தில் என் வீட்டு வாசற்படியை மிதித்து அப்படி ஒரு வார்த்தை சொன்னவர்கள் யாரும் கிடையாது. அந்த வார்த்தையும் எனக்கு வந்தது இல்லை, ரேடியோவுக்கு வந்தது, இருந்தாலும் நான் காதில் வாங்கிக்கொண்டேன்.

எல்லோரும் இருமலைக் கேட்டார்கள். இருமலுக்குப் பிறகு வரவேண்டியதை எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தவன் நான் ஒருவன்தான். அவனுடைய இருமலை நான் அறியாதவனா? அது வந்தால் பேச்சு வந்தே தீரும். சாகும்போது அவன் வாய்வரைக்கும் வந்து நின்றுபோன பேச்சு இந்தப் பெட்டிக்குள்தான் எங்கேயோ மாட்டிக்கொண்டு கிடக்கிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அது என்ன பேச்சு என்பதும் எனக்குத் தெரியும். 'ஆவுடை தீ வைக்கலை.' இவ்வளவுதான். எந்தக் காலனிக்கு முன்னால் என் பெயரைச் சொன்னானோ அதே காலனிக்கு முன்னால் இதையும் சொல்ல வேண்டும். டிரம் ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு ரேடியோவுக்கு எதிரே உட்கார்ந்துகொண்டு, "சொல்லு. இருமினவன் சொல்லணும்ல, சொல்லு" என்பேன். துணி கொஞ்சம் உப்பும், கொஞ்சம் அமுங்கும். மூச்சு மட்டும் வரும். மறுபடியும் அடுத்த ஷிப்ட்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் மொகைதீன் செல்போன் உறை விற்கிறான். அவன் வாப்பா ரேடியோ ரிப்பேரில் கைராசிக்காரர், இவனுக்கு வாப்பாவிடமிருந்து வந்தது பாதி வேலையும் முழு வாயும். அவனைக் கூட்டிக்கொண்டு வந்தேன். பின்பலகையைக் கழற்றியதும் உள்ளேயிருந்து பஞ்சு மெத்தை பிதுங்குவது போல வெளியே வந்தது. முழங்கை வரைக்கும் கையை விட்டுத் துழாவினான்.

"அண்ணாச்சி, ஒரு வால்வு செத்துப்போச்சு. கண்டன்சர் வீங்கிக்கிடக்கு. ஸ்பீக்கர்த் தாள் கிழிஞ்சிருக்கு."

"சரி பண்ணலாமா?"

"பண்ணலாம். வாப்பா பெட்டியில வால்வு கிடக்கு. ஆனா ஒண்ணு கேக்கேன், பண்ணி என்ன செய்யப் போறீக? பாட்டுக் கேக்கணும்னா உள்ளங்கையளவு பெட்டி போதும், அதுல லைட்டெல்லாம் எரியும். மெட்ராஸ்ல ஹோட்டல்காரங்க இந்த மாதிரிப் பெட்டியை வாங்கி உள்ள பூச்செடி வைக்காக. அப்படிக் குடுத்தாலும் குடுக்கலாம்."

"பாட்டு வேண்டாம். பேசணும்."

"பேசும். பேச வச்சிருவேன். ஆனா உள்ள இருக்கிற பஞ்சை ஒரு துணுக்கு விடாம எடுக்கணும். எடுத்தா இந்த இருமல் இருக்குமா, போயிருமா, அது எனக்குத் தெரியாது. கரண்டே இல்லாம எங்கேருந்து இருமுதுன்னு தெரிஞ்சாத்தான அதைத் தொடாம இருக்க முடியும்? யோசிச்சுச் சொல்லுங்க."

நான் யோசிக்கிறேன் என்பது மாலைக்குள் காலனி முழுக்கத் தெரிந்துவிட்டது. குழாயடியில் கூடினவர்கள் அப்படியே என் வாசலுக்கு வந்தார்கள்.

"ரிப்பேரும் வேண்டாம், கிப்பேரும் வேண்டாம்," என்றாள் முப்பிடாதி. "நல்லா இருக்கிறதை எதுக்குக் கெடுக்கணும்?"

"நல்லா இருக்கா? ஓடவே இல்லை, அது நல்லா இருக்கா?"

"ஆவுடைண்ணே, எங்க வீட்டுக்காரரு போனதுக்கப்புறம் எனக்கு விடிஞ்சதே இல்லை. கண்ணு முழிப்பேன், அம்புட்டுத்தான். இப்பத்தான் அந்தச் சத்தம் கேட்டு எந்திரிக்கேன். அதைப் போயி நிறுத்தப் போறேங்கீக."

"நிறுத்தலைம்மா. அவன் ஏதோ சொல்ல வாரான். அதைச் சொல்லவிடணும்."

"செத்தவுக என்னத்தைச் சொல்லப் போறாக?" என்றார் பின்னால் நின்ற ஒருவர். "ஒரு தடவை தீ வச்சது பத்தாதாக்கும்?"

அதற்குச் சிலர் சிரித்தார்கள். நான் சொன்னேன், "அதைத்தான்யா சொல்லப் போறான்." சிரிப்பு நின்றது. அவர்கள் முகத்தில் நான் பார்த்தது கோபம் இல்லை. அவர்களுக்கு இத்தனை வருஷம் கழித்து அதைத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கவில்லை. தெரிந்தால், குடத்தை எடுத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்ட ஒவ்வொரு கூப்பாட்டையும் அவர்கள் திரும்ப நினைத்துப் பார்க்க வேண்டியிருக்கும். இருமல் அவர்களிடம் எதையும் கேட்காது.

எல்லோரும் போனபின் செண்பகம் மட்டும் நின்றாள். வேலை முடிந்து நேரே வந்திருந்தாள்.

"வேண்டாம் சின்னையா."

"நீயுமா?"

"அப்பா பேசிட்டா அப்பா பேரு போயிரும். எனக்கு அவுக வச்சிட்டுப்போனது அது ஒண்ணுதான். மேஸ்திரி மகள்னு சொன்னா இன்னைக்கும் ரெண்டு பேரு எந்திரிச்சு இடம் விடுவாக."

"என் பேரு போயி எத்தனை காலமாச்சு தெரியுமா தாயி?"

"தெரியும்" என்றாள்.

"என்ன தெரியும்?"

"காலமாச்சுன்னு தெரியும்," என்று சொல்லிவிட்டுச் சேலைத் தலைப்பால் ரேடியோவின் பலகையைத் துடைத்தாள், அதில் தூசியே இல்லை.

அவள் அழுதிருந்தால் ஒருவேளை நான் விட்டிருப்பேன். அவள் அழவில்லை. மறுநாள் மொகைதீனுக்குச் சொல்லியனுப்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவன் வந்தான். வேண்டாம் என்று சொன்ன காலனி முழுவதும் தெருவில் வந்து நின்றது. சொல்லி வைத்தது போல அன்று எந்த வீட்டிலும் ஒரு சத்தம் இல்லை. அவன் பஞ்சை எடுக்க எடுக்க அது வந்துகொண்டே இருந்தது, ஒரு டிரம் நிறைந்தது, சாக்குகள் நிறைந்தன, அந்தச் சின்னப் பெட்டிக்குள் மூடிப்போன மில்லின் ஒரு கிட்டங்கியே அடங்கிக் கிடந்தது போல வாசல் வெள்ளையாகிப் படிவரை ஏறியது, பெண்கள் அதை முந்தியில் அள்ளி அள்ளி எடுத்துப்போனார்கள். அடியில் இருந்த கடைசிப் பஞ்சு மட்டும் ஈரமாக இருந்தது. அதையும் எடுத்தான். வால்வை மாற்றினான், கண்டன்சரை மாற்றினான், தாளை ஒட்டினான், புது வயர் போட்டுச் சொருகினான்.

மதிய ஷிப்ட் மாறுகிற நேரம் அது. வால்வுகள் ஒவ்வொன்றாகச் சிவந்தன. பச்சைக் கண் மெதுவாக விழித்தது. உள்ளே ஒரு முனகல் எழும்பியது, நான் டிரம்மில் இருந்து எழுந்து நின்றேன், தெருவில் இருந்தவர்களும் ஒரு அடி முன்னால் வந்தார்கள், செண்பகம் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முனகல் தெளிந்தது. ஒரு பெண்குரல், யாரோ சின்ன வயதுப் பெண், எங்கேயோ ஒரு அறையில் உட்கார்ந்துகொண்டு மிக அழகாக, ஒரு எழுத்துக்கூடத் தடுக்காமல், பருத்திச் செடியில் விழும் காய்ப்புழுவை எப்படிக் கட்டுப்படுத்துவது என்று விவசாயிகளுக்குச் சொன்னது. அப்புறம் ஒரு பாட்டு வந்தது.

நாங்கள் காத்திருந்தோம். நிழல் தெருவைத் தாண்டியது. பாட்டுக்கு மேல் பாட்டாக வந்தது. மொகைதீன் திருகைத் திருப்பினான், முள் எல்லா ஊரையும் தொட்டது, எல்லா ஊரும் பேசியது, என் அண்ணன் பேசவில்லை. இருமவும் இல்லை.

"சத்தம் நல்லா இருக்குல்ல?" என்றான் மொகைதீன், சின்னக் குரலில்.

முப்பிடாதிதான் முதலில் மாரில் அடித்துக்கொண்டாள். அதன்பிறகு தெரு முழுக்க ஒப்பாரி எழுந்தது, ஒவ்வொருத்தியும் அவரவர் புருஷன் பெயரைச் சொல்லி அழுதார்கள், ரேடியோ தன்பாட்டுக்குக் கல்யாணப் பாட்டு ஒன்றைப் பாடிக்கொண்டிருந்தது, அதை நிறுத்த எனக்குக் கை எழவில்லை. அன்று காலனியில் ஒரு வீட்டிலும் அடுப்பு எரியவில்லை. பக்கத்துத் தெருவில் இருந்து, சாவு விழுந்த வீட்டுக்குக் கொண்டுவருவது போல, அண்டாவில் சோறு கொண்டுவந்து இறக்கினார்கள். என் வீட்டுக்கு மட்டும் அந்தச் சோறு வரவில்லை.

மறுநாள் காலை யாரும் நேரத்துக்கு எழவில்லை. வேன் வந்து ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டு வெறுமனே போனது. தலையணை மாற்றியும் முப்பிடாதியின் பேரன் அழுதான். "தீ ஆவுடை அவன் அண்ணனோட இருமலையும் கொன்னுட்டான்" என்று குழாயடியில் பேசிக்கொண்டார்கள். முதல் தடவை நான் செய்யாததைச் செய்தேன் என்றார்கள். இந்தத் தடவை நான் செய்தது உண்மைதான், ஆனால் அண்ணன் சொல்ல வந்ததைக் கேட்க எனக்கு உரிமை இருந்ததே, அதை ஒருவர்கூடச் சொல்லவில்லை. முப்பிடாதி எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருந்த சுவரை இரண்டு வரிசை செங்கல் உயர்த்திக் கட்டினாள்.

நான் ரேடியோவை நிறுத்துவதில்லை. செய்தி கேட்கிறேன், சந்தை நிலவரம் கேட்கிறேன், எனக்குப் புரியாத பாஷையில் பேசுவதையும் கேட்கிறேன். ஒரு நிகழ்ச்சிக்கும் அடுத்த நிகழ்ச்சிக்கும் நடுவில் ஒரு சின்ன இடைவெளி விழும், யாரும் பேசாத இடம், அங்கேதான் என் காது இருக்கும். அங்கே யாரும் மூச்சுக்கூட விடுவதில்லை. ரொம்பச் சுத்தமாக ரிப்பேர் செய்துவிட்டான்.

போன மாதம் ஒருநாள் சாயந்திரம் செண்பகம் வந்தாள். ரிப்பேருக்குப் பிறகு அதுதான் முதல் தடவை. தூக்குச்சட்டியில் புளியோதரை கொண்டுவந்திருந்தாள். சுவர் ஓரமாக உட்கார்ந்தாள். ஒரு பாட்டு முழுவதையும் இரண்டு பேரும் கேட்டோம்.

"நல்லாத்தான் பாடுது" என்றாள்.

"ஆமா. பாடத்தான் செய்யுது."

"சாப்பிடுங்க சின்னையா, ஆறிரும்."

"வச்சிட்டுப் போ."

பாட்டு முடிந்தது. அந்த இடைவெளி விழுந்தது. அப்போது இருமல் கேட்டது, குறுகக் குறுக இரண்டு, அப்புறம் கிணற்று உருளையில் சங்கிலி ஏறுவது போல ஒரு செருமல். நான் ரேடியோவின் மேல் பாய்ந்து துணியில் காதை வைத்தேன். துணி சூடாக இருந்தது, அசையவில்லை. திரும்பிப் பார்த்தேன். செண்பகம் தொண்டையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மில் வாசலை ஒருநாளும் மிதிக்காதவள், பஞ்சுத் தூசி நெஞ்சில் ஏறாதவள்.

நான் ரேடியோவை நிறுத்தினேன். பச்சைக் கண் மூடியது. தெருவில் யாரோ குடம் கழுவுகிற சத்தம் மட்டும் கேட்டது. அவள் காலனியைக் கூட்ட வேண்டாம், மேடை போட வேண்டாம், எனக்கு மட்டும் சொன்னால்கூட அன்றைக்குப் போதும் என்று இருந்தது.

"உங்கிட்டச் சொல்லிட்டுத்தான் போயிருக்கான்" என்றேன். "எப்பச் சொன்னான்?"

அவள் விரலில் காய்ந்திருந்த பசையை நகத்தால் உரித்தாள். ஒரு விரல் முடித்து அடுத்த விரல். உதடு திறந்தது.

"கடைசி பஸ்ஸு போயிரும் சின்னையா," என்றாள். "வாரேன்."

"செண்பகம்."

"தூக்குச்சட்டியை இன்னொரு நாளைக்கு வாங்கிக்கிடுதேன்."

செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினாள். தெருமுனை திரும்பும்போது மறுபடியும் அந்த இரண்டு இருமல் கேட்டது, காலனியில் நாலைந்து கதவுகள் சட்டென்று திறந்தன, பெண்கள் வாசலுக்கு ஓடிவந்து யார் வீட்டுக்காரன் என்று பார்த்தார்கள், ஒரு பொம்பளை மட்டும் தலையைக் குனிந்துகொண்டு பஸ் ஸ்டாண்ட் பக்கமாக நடந்துபோனாள்.

அவள் இன்னும் தூக்குச்சட்டியை வாங்க வரவில்லை. அதை விளக்கி, கவிழ்த்து, ரேடியோவுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். அப்பன் தரவேண்டியதை இனி அவள்தான் எனக்குத் தரவேண்டும். நான் எங்கேயும் போகவில்லை, அவளுக்கு வழி தெரியும்.